'நாற்காலி'யை மனப்பாடம் செய்வது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்று பார்க்க, கடையில் விற்கும் மூன்று கைடுகளையும், ஜெராக்ஸாகக் கைமாறும் 'மெல்லக் கற்போர்' கையேடு ஒன்றையும் போன மாதம் உட்கார்ந்து வாசித்தேன். பாடப்புத்தகத்தை விமர்சிக்க நிறைய பேர் இருக்கிறார்கள். கைடை யாரும் ஒரு எழுத்தாக மதித்து விமர்சிப்பதில்லை. ஆனால் மார்ச் மாசம் விடைத்தாளில் போய் விழுவது கைடின் எழுத்துதான்.

2019-20இல் வந்த பாடப்புத்தகம் நல்ல தொகுப்பு என்றே சொல்வேன். டீ போடுவதைப் பற்றி ஆர்வெல் எழுதிய கட்டுரை இருக்கிறது. துணைப்பாடத்தில் டால்ஸ்டாய், ரே பிராட்பரி. எல்லாத்துக்கும் மேல, கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலத்தில் 'தி சேர்' ஆக வந்திருக்கிறது. கரிசல்காட்டுக் கதை. வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ் முக்காலியில் உட்காரப் போய் விழுகிறார். அந்த அவமானத்தில் ஒரு நாற்காலி செய்யச் சொல்கிறார்கள். என்ன மரம் என்பதற்கே வீட்டில் ஒரு விவாதம். வந்து சேர்ந்ததும் யார் உட்காருவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை. அப்புறம் ஒரு ராத்திரி, ஊரில் ஒருத்தர் செத்துப்போக, பிணத்தை உட்கார வைக்க நாற்காலியைக் கேட்டு வருகிறார்கள். திரும்பி வந்த நாற்காலிப் பக்கம் பிள்ளைகள் போகப் பயப்படுகிறார்கள்.

இந்தக் கதையைக் கைடுகள் என்ன செய்திருக்கின்றன? மூன்றிலும் ஒரே வார்ப்பு. முதல் வரியில் ஆசிரியர் பெயரும் ஒரு பாராட்டும். பிறகு, ஒரு குடும்பம் நாற்காலி வாங்க ஆசைப்பட்டது, செய்தது, அண்டை வீட்டார் இரவல் வாங்கினார்கள் என்று தந்தி நடை. கடைசியில் சமூகத்துக்கு ஒரு நீதி. ஒரு கைடில் பிணமே வரவில்லை! இரவல் கேட்டார்கள் என்பதோடு சரி. பிணம் இல்லையென்றால் கதையில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை, பிள்ளைகள் ஏன் நாற்காலியை ஒதுக்கினார்கள் என்பதற்குக் காரணமும் இல்லை. காரணம் இல்லாத பத்தியை மனப்பாடம் செய்வது கஷ்டம், எந்த வரிக்குப் பின் எந்த வரி என்று பிடித்துக்கொள்ள எதுவுமே கிடையாது. நடுவில் ஒரு சொல் மறந்தால் முழுப் பத்தியும் போச்சு.

ஜெராக்ஸ் கையேடு இன்னும் ஒரு படி மேலே. அதில் 'பொதுப் பத்தி' என்று ஒன்று உண்டு. தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் இடம் விட்டிருக்கும். ஆர்வெல் என்றாலும் கி.ரா. என்றாலும் நிரப்பிவிட்டு, எளிய நடை, உயர்ந்த கருத்து, நமக்கெல்லாம் பாடம் என்று முடித்துவிடலாம்.

இதைப் படித்துச் சிரிப்பது சுலபம். எனக்கு முழுசாகச் சிரிப்பு வரவில்லை. கணக்கைப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10, தேர்ச்சிக்கு 35. அகமதிப்பீடு முழுசாக வந்தால் எழுத்தில் 25 போதும். ஒரு மதிப்பெண் கேள்விகளே 20. ஐந்து மதிப்பெண் பகுதி 35. அதில் பொதுப் பத்திக்கு ஒன்றோ இரண்டோ விழுந்தால்கூட, ஒரு பெண்ணுக்கு நர்சிங்கோ பி.காமோ போகும் வழி திறக்கிறது. அந்தக் கையேட்டைத் தயாரித்த ஆசிரியர் சோம்பேறி இல்லை. திருத்தும் முறையை அவர் துல்லியமாக வாசித்திருக்கிறார். என் விமர்சனம், அவர் பிள்ளையைத் தவறாக வாசித்துவிட்டார் என்பதுதான். இந்தப் பிள்ளையிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு செய்துகொண்டே அந்தப் பத்தி எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன் மாலையில் சந்தேகம் கேட்க வருவான். 'தி சேர்' பத்தியை ஒப்பிக்கச் சொன்னால் மூன்றாவது வரியில் நின்றுவிடுவான். புத்தகத்தை மூடச் சொல்லி, கதையைத் தமிழில் சொல்லு என்றேன். பத்து நிமிஷம் நிறுத்தாமல் சொன்னான். "பொணத்த உக்கார வெச்ச சேர்ல எவண்ணே உக்காருவான்? எங்கம்மாச்சி ஊர்லயும் அப்படித்தான் வெப்பாங்க" என்றான்.

அதையே இங்கிலீஷில் எழுதுடா என்றேன். ரொம்ப யோசித்து, 'நோபடி லைக் டு சிட் இன் டெட் மேன் சேர்' என்று எழுதினான். இலக்கணம் இடிக்கிறது. ஆனால் மூன்று கைடும் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்கிறது. இரண்டு நாளில் அந்த மாதிரிப் பன்னிரண்டு வரி சேர்ந்தது. 'லைக்' என்பதை 'லைக்ஸ்' ஆக்கி, 'டெட் மேன்' பக்கத்தில் ஒரு 'ஸ்' போட்டு, நானும் சின்னச் சின்னதாகத் திருத்தினேன். அவன் சொன்ன வரிசையை மாற்றவில்லை. சுமார் 150 வார்த்தை கேட்கிறார்கள், அவனுக்கு 90தான் வந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டேன், ஒப்பிக்காமல் எழுதினான்.

எல்லாப் பாடத்துக்கும் இது நடக்காது. கி.ரா.வின் வீடு அவனுக்குத் தெரிந்த வீடு. டென்னிசனின் 'யுலிஸஸ்' வந்தபோது தமிழில் சொல்லவே அவனிடம் கதை இல்லை. நானும் கொஞ்ச நேரம் கப்பல், கிழட்டு ராஜா என்று சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு மட்டும் அந்தப் பொதுப் பத்தியவே வெச்சுக்கறண்ணே" என்றான்.