வி30 போதும், பில் கட்டாயம்

ஆக்‌ஷன் கேமராவுக்கு மெமரி கார்டு வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது உறையின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்தான். விநாடிக்கு 150 எம்பி, 190 எம்பி, 200 எம்பி. அந்த எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஆனால் அது கார்டிலிருந்து படிக்கும் வேகம், அதிலும் உச்ச வேகம். கொல்லிமலையின் 70 வளைவுகளில் பைக் ஏறிக்கொண்டிருக்கும்போது கேமரா கார்டில் எழுதிக்கொண்டிருக்கிறது, எதையும் படிப்பதில்லை. எழுதும் வேகம் எவ்வளவு குறைந்தாலும் எந்த அளவுக்குக் கீழே போகாது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லும் குறி கார்டின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கிறது.

கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 15 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம்தான், அதற்குள் நாலைந்து குறிகள். ‘சி’ வளையத்துக்குள் 10 என்றிருந்தால், தொடர்ந்து எழுதும்போது குறைந்தது விநாடிக்கு 10 எம்பி. ‘யு’ எழுத்தின் குழிக்குள் 1 இருந்தாலும் அதே 10 எம்பிதான். 3 இருந்தால் 30 எம்பி. ‘வி’ போட்டுப் பக்கத்தில் 30 இருந்தால் அதுவும் 30 எம்பி. ‘ஏ1’, ‘ஏ2’ என்பவை போனில் ஆப்களை கார்டிலிருந்தே ஓட்டுகிறவர்களுக்கான அளவுகோல். வீடியோ பதிவுக்கு அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

இனி கேமராவின் பக்கம். என்னிடம் இருப்பது 2023-இல் வந்த கோப்ரோ ஹீரோ 12 பிளாக். அதில் பிட்ரேட்டை உச்சத்தில் வைத்தால் விநாடிக்கு 120 மெகாபிட் எழுதும். பலரும் தடுமாறுவது இங்கேதான். கேமராக்காரர்கள் பிட்டில் சொல்கிறார்கள், கார்டுக்காரர்கள் பைட்டில் சொல்கிறார்கள். எட்டு பிட் ஒரு பைட். ஆக, 120 மெகாபிட் என்பது 15 மெகாபைட், அதாவது 15 எம்பி. டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4-க்கு 130 மெகாபிட், அதாவது 16 எம்பிக்குச் சற்று மேல். 8கே-யில் 360 டிகிரி பதிவு செய்யும் இன்ஸ்டா360 எக்ஸ்4 கூட 200 மெகாபிட், 25 எம்பியில் நின்றுவிடுகிறது. மூன்றுமே 30-க்குள் அடக்கம். வி60, வி90 கார்டுகள் முழு வேகத்தில் ஓட இரண்டாவது வரிசை பின்கள் வேண்டும். இந்த வகைக் கேமராக்களில் அவை கிடையாது. அந்தப் பணத்துக்கு இன்னொரு வி30 கார்டு வாங்கிவிடலாம்.

சரி, 15 எம்பிதானே, 10 எம்பி உத்தரவாதமுள்ள யு1 கார்டு சமாளித்துவிடாதா? சமாளிப்பதுபோலத்தான் தெரியும். அப்படியொரு கார்டைப் போட்டு 5.3கே, 60 ஃபிரேமில் ஓடவிட்டேன். ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. கேமரா சூடேறி, பதிவு நீள நீள, நடுவில் தானாக நின்றது. மீண்டும் தொடங்கினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. பல கார்டுகள் வருகிற தரவை முதலில் ஒரு வேகமான சிறு பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவான பகுதிக்கு மாற்றுகின்றன. அந்தச் சிறு பகுதி நிறைந்ததும் கார்டின் உண்மையான வேகம் வெளியே வருகிறது. கடையில் அரை நிமிடம் ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று மட்டும்: சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது கேமரா அணைந்தால் அது பெரும்பாலும் கேமராவின் சூட்டுப் பிரச்சினை. திரையில் வெப்ப எச்சரிக்கை வருகிறதா, கார்டு பிழை வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கார்டைக் குறை சொல்லலாம்.

எத்தனை ஜிபி? நான் இதை பேட்டரியை வைத்துத்தான் கணக்கிடுகிறேன். ஹீரோ 12-இல் 5.3கே, 60 ஃபிரேமில் ஒரு பேட்டரி 70 நிமிடம் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. விநாடிக்கு 15 எம்பி வீதம் 70 நிமிடத்துக்கு 63 ஜிபி. அதாவது 128 ஜிபி கார்டு இரண்டு பேட்டரிக்குச் சரி. ஒருநாள் பயணத்துக்கு 128 இரண்டு வைத்துக்கொள்வது, 512 ஒன்று வைத்துக்கொள்வதைவிட எனக்கு நிம்மதி. ஒரு கார்டு கெட்டாலும் மற்றதில் பாதி நாளாவது மிஞ்சும். கார்டை மாற்றும்போது தவறிவிடுமே என்பார்கள். ஹீரோவில் கார்டு பேட்டரிக்குப் பக்கத்திலேயே, அதே மூடிக்குள் இருக்கிறது. பேட்டரி மாற்றும்போது மட்டும் கார்டையும் மாற்றுங்கள், கையுறையைக் கழற்றிவிட்டு. நகத்தால் லேசாக அழுத்தினால் ஸ்பிரிங் வெளியே தள்ளும்; புல்தரையிலோ ஜல்லியிலோ விழுந்தால் தேடுவது பெரும்பாடு.

நான் பயன்படுத்துவது சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் 128 ஜிபி. வி30, யு3 இரண்டும் உண்டு. உறையில் 190 எம்பி என்று போட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கார்டு பின்பற்றும் யுஎச்எஸ்-1 தரத்தின் எல்லையே விநாடிக்கு 104 எம்பிதான். அதற்கு மேல் போவது நிறுவனம் தன் சொந்த முறையில் எட்டும் வேகம், அதற்கேற்ற கார்டு ரீடர் இருந்தால்தான் கிடைக்கும். சாதாரண யுஎஸ்பி 3 ரீடரில் 90 எம்பி வந்தால்கூட முழுக் கார்டும் அரை மணிக்குள் கணினிக்கு வந்துவிடும். பழைய யுஎஸ்பி 2 ரீடரில் ஒரு மணி நேரம் ஆகும். கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பணத்தை ரீடருக்குக் கொடுங்கள். வேறு நிறுவனக் கார்டு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே பெயரில் வரும் கார்டிலேயே 64 ஜிபிக்கு வி10, 128-க்கு வி30 என்று இருப்பதுண்டு. பெயரை நம்பாமல் குறியைப் படியுங்கள். கேமராவையே டேஷ்கேம்போல நாள் முழுக்க ஓடவிடுகிறவர்கள் ‘எண்டியூரன்ஸ்’ என்று பெயரிட்டு வரும் கார்டுகளை வாங்கலாம். அழித்து அழித்து எழுதுவதற்காகச் செய்தவை அவை. அதிலும் வி30 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஒரிஜினல் கார்டுக்கு. டூப்ளிகேட் கார்டில் எந்தக் குறிக்கும் அர்த்தமில்லை. மூன்றெழுத்து அச்சடிப்பதற்கு யாருக்கும் செலவில்லை. அது வேலை செய்யும் விதம் கொடுமையானது. உள்ளே இருப்பது 32 ஜிபி சிப்பாக இருக்கும். கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றி 512 என்று சொல்ல வைத்திருப்பார்கள். கேமராவும் அதை நம்பும். 32 நிறைந்தபின் வருவது முன்னால் எழுதியதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் பதியாமல் போகும். வீட்டுக்கு வந்து ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகள் பெயரோடும் அளவோடும் வரிசையாக இருக்கும். அழுத்தினால் ஓடாது. ஊருக்குப் போய்வந்த பதிவெல்லாம் அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த மீட்பு மென்பொருளாலும் கொண்டுவர முடியாது, ஏனென்றால் அது எழுதப்படவே இல்லை, அல்லது அதன் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டது.

அதனால் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, விற்பவர் யார், வாரண்டி யார் தருகிறார் என்று கேளுங்கள். வாங்கிய அன்றே, கேமராவில் போடுவதற்கு முன், கார்டை முழுதாக நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3, இரண்டும் இலவசம். 128 ஜிபிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். பிழை காட்டினால் பில்லை எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சோதனை முடிந்ததும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அப்படித்தான், பதிவுகளை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகு. கணினியில் வீடியோவை மட்டும் அழித்தால், கோப்ரோ ஒவ்வொரு பதிவோடும் போனில் பார்ப்பதற்காக எழுதி வைக்கும் சின்ன வீடியோக் கோப்புகள் அப்படியே தங்கி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

பதிவின் நடுவே பேட்டரி கழன்றோ கேமரா விழுந்தோ நின்றுபோனால், கார்டை உருவிக் கணினியில் போடாதீர்கள், ஃபார்மேட் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு, அதே கார்டோடு அதே கேமராவை ஆன் செய்யுங்கள். அறுந்துபோன கடைசிக் கோப்பை கோப்ரோ தானே சரிசெய்யப் பார்க்கும். அது முடியும்வரை எந்தப் பொத்தானையும் தொடாமல் இருக்க வேண்டும்.