கடல் எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம்

ஹட்டனிலிருந்து கொழும்புக்கும் கோத்தகிரியிலிருந்து சென்னைக்கும் வேலை தேடி இறங்கி வருகிறவர்களில் பலர் ஒரே வேரிலிருந்து பிரிந்தவர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் மலையகத்தை விட்டு நீலகிரிக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். அங்கேயே இருந்துவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்புப் பக்கம் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் வெள்ளவத்தையிலும் தேடுகிறார்கள். இரு பக்கமும் எனக்குச் சொந்தம் உண்டு. கம்பளி இல்லாமல் தூங்கத் தெரியாத ஊரிலிருந்து வியர்வையில் தலையணை நனையும் ஊருக்கு வருவது எல்லோருக்கும் பொதுதான். வருவதற்கு முன் வீட்டையும் செலவையும் எடை போடும் விதம் மட்டும் இரண்டு நகரங்களிலும் வேறு வேறாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒன்றைக் கவனித்துப் பார்க்கிறது, இன்னொன்றைக் கோட்டை விடுகிறது.

ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி கூடும். இது கணக்கில் தெரிவது. ஈரப்பதம் செய்யும் வேலை கணக்கில் தெரியாது. வியர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. மதுரைக்காரர் 38 டிகிரியைத் தாங்கிக்கொண்டு சென்னையின் 35 டிகிரியில் தவிப்பது இதனால்தான். மதுரையிலும் திருச்சியிலும் நன்றாக வேலை செய்யும் ஏர் கூலர் சென்னையிலும் கொழும்பிலும் பெரிதாக உதவாததற்கும் இதுவே காரணம். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் இயந்திரம், ஏற்கெனவே நீராவி நிறைந்த காற்றில் அறையை மேலும் புழுக்கமாக்கும். ஊரிலிருந்து கூலரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வரும் குடும்பங்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல மின்விசிறிகள் வாங்கியிருக்கலாம்.

இரண்டு நகரங்களின் காலநிலையும் வெவ்வேறு. சென்னைக்குக் கொடுமையான சில மாதங்களும் இதமான சில மாதங்களும் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் நாற்பதைத் தாண்டும். 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்டது. டிசம்பர், ஜனவரியில் இரவில் விசிறியைக் குறைத்து வைக்கலாம். கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுக்க முப்பதை ஒட்டியே நிற்கிறது. ஏப்ரலில் சூரியன் உச்சம் கொடுக்கும் நாட்களில் புழுக்கம் உச்சத்துக்குப் போகும், மற்ற மாதங்களிலும் அது முழுதாக விடாது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கொழும்பில் அதைவிட ஆயிரம் மில்லிமீட்டர் கூடுதலாக, ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்கிறது. சென்னையில் எரிவது சூடு, கொழும்பில் ஊறுவது ஈரம். செலவும் அதன்படியே திரும்புகிறது.

இதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறப்பதால் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஏப்ரல், மே வெயிலில் வீடு பார்க்கிறார்கள். அந்த வீட்டின் மிக மோசமான முகத்தை முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுகிறார்கள். இலங்கையில் பள்ளி ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்குவதால் மலையகக் குடும்பங்கள் டிசம்பரில் வீடு தேடுகின்றன. அது கொழும்பின் இதமான காலம். அப்போது பிடித்துப்போன வீடு ஏப்ரலில் வேறு வீடாகிவிடும்.

வீடு பார்க்கும் முறைக்கு வருகிறேன். சென்னையில் தரகர் முதலில் சொல்வது, “ஈஸ்ட் ஃபேசிங் சார், காத்து பிச்சிக்கும்!” வெள்ளவத்தையில் வீட்டுக்காரர் சொல்வது, “தம்பி, பின்னேரத்திலை கடல் காத்து வரும், ஃபேன் போடத் தேவையில்லை.” இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சென்னைக்குக் கடல் கிழக்கே, கொழும்புக்குக் கடல் மேற்கே. இந்த ஒன்றே வீட்டுக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது.

சென்னையில் காற்று கிழக்கிலிருந்து வருகிறது, பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து அடிக்கிறது. அதனால் கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஜன்னல் இருந்து, மேற்கில் சமையலறையோ குளியலறையோ மாடிப்படியோ இருக்கும் வீட்டுக்கு இரண்டு லாபம்: காற்று உள்ளே வரும், வெயில் வெளியே நிற்கும். கொழும்பில் இந்த வசதி கிடையாது. காற்று வரும் அதே மேற்கு ஜன்னல் வழியாகத்தான் மூன்று மணி வெயிலும் வருகிறது, மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவ மழைச்சாரலும் வருகிறது. கடலுக்கு இணையாக ஓடும் காலி வீதிக்குக் கடல் பக்கம் உள்ள வீடு என்றால் வாடகை கூட. அந்தக் கூடுதல் வாடகைக்குக் கிடைப்பது காற்று மட்டுமில்லை, சுவர் சூடும் உப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. எனவே கொழும்பில் ஜன்னலின் திசையை விட ஜன்னலுக்கு மேல் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆழமான தாழ்வாரமோ, பால்கனியோ, அகலமான சன்ஷேடோ இருந்தால் கடல் பக்க வீட்டை எடுக்கலாம். வெறும் கண்ணாடி மட்டும் என்றால் காலி வீதிக்குக் கிழக்கே, மரம் நிற்கும் ஓர் ஒழுங்கையில் பார்ப்பதே நல்லது என்பேன்.

சென்னையிலும் கடற்காற்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரையிலேயே தடைபட்டு நிற்கும். திருவான்மியூரில் மதியமே இறங்கிவிடும் சூடு ஆவடியிலும் தாம்பரத்திலும் மாலை வரை இறங்காது. புறநகரில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் இந்தச் சில மணி நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூரையைப் பற்றி இரண்டு ஊரிலும் யாரும் போதிய அளவு கேட்பதில்லை. சென்னையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டுக்கு வாடகை சற்றுக் குறையும். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, இரவு பத்து மணிக்கு மேல் அதை வீட்டுக்குள் இறக்கும். மதியம் மூன்று மணிக்கு அந்த வீட்டுக்குள் போய்ப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடச்சுட இருந்தால் நள்ளிரவு வரை விசிறி அந்தச் சூட்டைத்தான் உங்கள் மேல் வீசப்போகிறது. மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறார்களா, தட்டோடு பதித்திருக்கிறார்களா என்று ஏறிப் பார்த்துவிட வேண்டும். கொழும்பில் வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் வீடுகளில் பெரும்பாலும் அஸ்பெஸ்டாஸ் ஷீட், அதன் கீழே சீலிங். ஷீட் காலை பத்து மணிக்கே சூடேறிவிடும். பொழுது சாய்ந்ததும் சீக்கிரமே ஆறிவிடும். பகலில் வேலைக்குப் போய் இரவில் மட்டும் தங்கும் இளைஞனுக்கு அந்த ஷீட் வீடு, சென்னைக் கான்கிரீட் மாடியை விட மேல். கைக்குழந்தையோடு பகல் முழுக்க வீட்டிலிருக்கும் தாய்க்கு அதே வீடு தண்டனை. யார், எந்த நேரத்தில் வீட்டில் இருக்கப்போகிறார்கள் என்பதை வைத்துத்தான் கூரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி மின்கட்டணம். வாடகையை மட்டும் பேசி முடிப்பவர்கள் அடிபடும் இடம் இதுதான். எட்டு மணி நேரம் ஓடும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி இரவுக்குச் சுமார் ஆறு யூனிட் எடுக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அப்படியானால் ஏசிக்கு மட்டும் 360 யூனிட். ஃபிரிட்ஜ், மூன்று பழைய விசிறிகள், வாஷிங் மெஷின், விளக்கு எல்லாம் சேர்ந்து 280 என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி ஏசி இல்லாத வீட்டுக்கு 585 ரூபாய். ஏசி சேர்ந்து 640 யூனிட் ஆனால் 3,110 ரூபாய். யூனிட் இரண்டேகால் மடங்கு ஆனதற்குப் பில் ஐந்து மடங்குக்கு மேல் போகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட்டுக்கான கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகையும் போய்விடுவதால், 501-ஆவது யூனிட் மட்டும் 200 ரூபாய்க்கு மேல் கூட்டிவிடும். 2024 ஜூலையில் விலைகள் இன்னும் சற்று ஏறின. படிகளின் அமைப்பு அதேதான்.

இந்தக் கணக்கெல்லாம் சொந்த மீட்டர் உள்ளவருக்கு. சென்னையில் பல வீட்டுக்காரர்கள் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலை வாங்குகிறார்கள். மேலே சொன்ன 280 யூனிட்டுக்கே 8 ரூபாய் வீதம் 2,240 ரூபாய். அரசு தரும் முதல் 100 இலவச யூனிட் குடியிருப்பவரின் கைக்கு வந்து சேர்வதில்லை. இது அநியாயம், முன்பணம் கொடுக்கும் முன் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய அநியாயம்.

இலங்கையில் பில் மாதம்தோறும் வரும். படிகள் இன்னும் நெருக்கமானவை. மாதம் 60 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு அட்டவணை, தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை. 180-க்கு மேல் போனால் உச்ச விலை. ஒவ்வொரு படியிலும் நிலையான கட்டணமும் சேர்ந்தே உயரும். நான் சொன்ன அதே வீடு கொழும்பில் ஏசி இல்லாமல் மாதம் 140 யூனிட், ஏசியோடு 320 யூனிட். ஏசி வாங்கும் நாளே அந்த வீடு உச்சப் படியில் ஏறிவிடுகிறது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த பெரிய கட்டண உயர்வுகளுக்குப் பிறகு கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்கள் இதில் கறாராகிவிட்டார்கள். “தனி மீட்டரா?” என்பதே முதல் கேள்வி. வீட்டுக்காரரோடு ஒரே மீட்டரில் இருந்தால் அவருடைய ஏசி உங்களையும் மேல்படிக்கு இழுத்துக்கொண்டு போகும். சென்னைக்காரர்கள் கொழும்புக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

கொழும்புக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்தவர்கள் அவர்கள். ஏசியை நம்பி எடுத்த அடைபட்ட ஃபிளாட்டில் கரண்ட் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியாது என்பதை உடம்பால் அறிந்தவர்கள். எதிரெதிர் ஜன்னல் உள்ள வீடா என்று பார்க்கும் பழக்கம் அங்கே அதனால் கூடியிருக்கிறது.

ஏசிக்கு முன்னால் விசிறியை மாற்றுவதுதான் என் கட்சி. பழைய விசிறி 75 வாட். பிஎல்டிசி விசிறி 30 வாட்டை ஒட்டி. பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். மூன்று விசிறிக்கு 48. கொழும்பின் நெருக்கமான படிகளில் இது பெரிய பணம். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். மலையிலிருந்து வந்த உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வியர்வை சுரக்கும் முறையே அதற்குள் மாறும். வந்த மூன்றாம் நாள் தவணையில் ஏசி எடுக்காமல் அந்த இரண்டு வாரம் பொறுங்கள். முதியவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது. அவர்களுக்கு ஓர் அறையாவது முதல் நாளே குளிர்ந்திருக்க வேண்டும்.

தண்ணீரில் சென்னை கெட்டி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்த ஊர் ஆதலால் மெட்ரோ வாட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, போர் தண்ணீர் உப்பா, லாரித் தண்ணீர் மெயின்டெனன்ஸில் சேர்த்தியா என்று எல்லோரும் துருவிக் கேட்கிறார்கள். குடிக்கக் கேன் தண்ணீர் தனிச் செலவு. கொழும்பில் குழாய்த் தண்ணீர் மீட்டருக்கு வருகிறது, கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியது ஈரத்தைப் பற்றி. வெளிச்சுவரை ஒட்டி வைத்த அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால், உங்கள் பட்டுப்புடவையும் தோல் செருப்பும் பிள்ளையின் மூச்சும் அந்த வீட்டுக்கு வாடகை கட்டும்.

கடைசியாக முன்பணம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நெடுநாள் வழக்கம். 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் அதை மூன்று மாதமாகக் குறைத்தது. இன்னும் கூடக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் பதினொரு மாத ஒப்பந்தம். வீடு ஒத்துவராவிட்டால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நட்டத்தோடு வெளியேறலாம். கொழும்பில் ஆறு மாத, ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்னதாகவே கேட்பது சகஜம். டிசம்பரில் கட்டிவிட்டு ஏப்ரலில் சூடு தெரிந்தால் அந்தப் பணம் தீரும்வரை அங்கேதான் வேக வேண்டும். கொழும்பில் வீடு எடுப்பவர் சென்னைக்காரரை விட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

ஆகவே மலையிலிருந்து இறங்கி வரும் தம்பி தங்கைகளே, வாடகையைப் பேசும் முன் ஒன்று கேளுங்கள். முந்தைய குடித்தனக்காரரின் மின்சார பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கொழும்பு என்றால் ஏப்ரல் மாத பில், சென்னை என்றால் மே, ஜூன் வெயிலைக் கண்ட பில். அதில் உள்ள தொகையை வாடகையோடு கூட்டிப் பார்த்து, அந்த மொத்தம் உங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியானால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.