பெட்டிக்குள் இருந்த புத்தகம்

வீடியோ விளையாட்டுக்களைக் குறித்து நம் நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம், அவை சிறுவர்களின் கண்ணையும் படிப்பையும் கெடுக்குமா என்ற வினாவோடு அப்பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறபடியால், அவ்விளையாட்டுக்களோடு உடன்பிறந்து, ஒரு தலைமுறைக் காலம் செழித்து வளர்ந்து, இன்று அநேகமாக மறைந்தே போய்விட்ட ஓர் உரைநடை வகையைப் பற்றிச் சிந்திக்க நமக்கு அவகாசம் வாய்க்கவில்லை. விளையாட்டின் பெட்டியைத் திறந்ததும், கேசட்டுக்கோ சிடிக்கோ அருகில், கம்பித் தையலிட்ட சிறு புத்தகமாக இருந்த கையேட்டையே இங்குக் கருதுகிறேன். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் உடன்வரும் காகிதத்தோடு அதனை ஒன்றாக எண்ணுதல் பிழை. கதை, சித்திரம், தேசப்படம், விதிமுறை, எச்சரிக்கை ஆகிய ஐந்தும் ஒரே அட்டைக்குள் அடங்கிய பிரசுரம் அது. அதன் பெயரறியா ஆசிரியர்களுள் சிலர் உயர்ந்த எழுத்தாளர்கள்.

அக்கையேடு தோன்றியதற்கு மூலகாரணம் இயந்திரத்தின் ஏழ்மையே. 1977இல் வெளிவந்த அடாரி 2600 என்னும் கருவிக்கு வாய்த்த தற்காலிக நினைவகம் 128 பைட்டுகள் மாத்திரம். முன்பத்தியில் நான் எழுதிய முதல் வாக்கியத்தைக்கூட அதில் சேமித்துவைக்க இயலாது. ஆகவே, திரையில் நகரும் சதுரம் யார், அவன் எதனைத் தேடிச் செல்கிறான், எதிரில் வரும் முக்கோணத்தோடு அவனுக்கு என்ன பகை என்பனவற்றையெல்லாம் காகிதமே எடுத்துரைக்க வேண்டியிருந்தது. 1982இல் அடாரியின் ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தோடு வந்தது. அதே ஆண்டில் இன்ஃபோகாம் நிறுவனத்தார், ‘டெட்லைன்’ என்னும் துப்பறியும் விளையாட்டின் பெட்டிக்குள், சாட்சிகளை விசாரித்த குறிப்புக்களையும் ஆய்வுக்கூட அறிக்கையையும், ஒரு சிறு பையில் மாத்திரைகளையுங்கூட வைத்து அனுப்பினர்; இவ்வளவு விஷயங்களும் அக்காலத்துக் கணினித் தட்டில் இடம்பெற மாட்டா என்பதே அதற்குக் காரணம். 1984இல் இங்கிலாந்தில் வெளியான ‘எலீட்’ என்னும் விண்வெளி வணிக விளையாட்டுக்கு ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் ஒரு குறுநாவலே எழுதிக் கொடுத்தார். 1989இல் வந்த ‘சிம்சிட்டி’யின் கையேட்டில், நகரங்களின் சரித்திரத்தையும் நகர நிர்மாணத்தையும் பற்றி கிளிஃப் எல்லிஸ் எழுதிய கட்டுரையொன்று இடம்பெற்றிருந்தது, விளையாட்டை ஒருநாளும் தொடாதவரும் படித்துப் பயன்பெறத்தக்க கட்டுரை அது. 1998இல் ‘ஃபால்கன் 4.0’ என்ற போர்விமான விளையாட்டோடு வந்த கையேடு ஏறக்குறைய 600 பக்கம்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது நின்டெண்டோவின் ‘லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’. 1986இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலும் வெளிவந்த அவ்விளையாட்டின் அமெரிக்கப் பதிப்பைத் தொடங்காமல் சற்றே காத்திருந்தால், கதாநாயகன் தேட வேண்டிய பொருள்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மேலேறிச் செல்லும். இறுதியில் அவனே ஒரு பலகையைத் தாங்கிக்கொண்டு, விவரங்களுக்குக் கையேட்டைப் பார்க்குமாறு வேண்டிக்கொள்வான். திரையில் பதினாறு புள்ளி அகலமும் பதினாறு புள்ளி உயரமும் கொண்ட மங்கிய உருவமாகத் தோன்றும் அசுரன், கையேட்டில் முகபாவத்தோடும் ஆயுதத்தோடும் வரையப்பட்டிருப்பான். பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரையை நோக்குகிற சிறுவனின் கண்ணுக்கு அந்தப் புள்ளிகளே அசுரனாகிவிடும். அத்தேசத்தின் படத்தில் ஒரு பகுதியை மாத்திரம் அச்சிட்டு, எஞ்சியதை ஆடுவோனே கண்டறியுமாறு விட்டிருந்தமை, எழுதியவர்களின் விவேகத்துக்குச் சான்று.

பின்னர் கையேட்டுக்கு மற்றொரு பணியும் சுமத்தப்பட்டது, அது காவற்பணி. கணினித் தட்டுக்களை நகலெடுத்தல் எளிதாயிருந்தமையால், புத்தகம் கையில் இல்லாதவன் மேற்செல்ல முடியாதபடி விளையாட்டுக்களில் தடைகள் அமைக்கப்பட்டன. ஜோர்டன் மெக்னர் இயற்றி 1989இல் வெளியான ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வை நம் நாட்டில் கணினி பழகிய முதல் தலைமுறையினர் எளிதில் மறவார். அதன் டாஸ் பதிப்பில், முதற்கட்டம் முடிந்ததும் இளவரசன் ஓர் அறைக்குள் புகுவான். அங்கே ஒவ்வோர் எழுத்தின் கீழும் ஒரு குடுவை இருக்கும். கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்துக்குரிய குடுவையைக் குடிக்கும்படி கட்டளை தோன்றும். பட்டுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் தொண்ணூறுகளில் தோன்றிய கம்ப்யூட்டர் சென்டர்களுக்கு இவ்விளையாட்டு நகலாகவே வந்தது. காவல் நீக்கப்பட்ட நகல் கிடைத்தவர்கள் தப்பினார்கள். கிடைக்காதவர்கள், தாம் ஒருபோதும் காணாத ஒரு புத்தகத்தின் எழுத்துக்களை ஊகத்தால் கண்டுபிடிக்க முயன்று, குடுவைக்குக் குடுவை இளவரசனின் உயிரை இழந்தார்கள்.

எங்கள் அதிராம்பட்டினத்துக்கு இவ்விளையாட்டுக்கள் வந்து சேர்ந்த வழி வேறு. பாக் நீரிணையின் கரையில், உப்பளங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே அமைந்த இவ்வூரார், இலங்கையோடும் மலாயாவோடும் நெடுங்காலம் வாணிகத் தொடர்பு கொண்டிருந்து, பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குப் பெருந்தொகையாகப் பிழைக்கச் சென்றவர்கள். வெளிநாடு சென்று திரும்பும் சபுராளியின் பெட்டியில் அத்தரும் சோப்பும் துணியும் வந்ததுபோலவே டிவி கேமும் வந்தது. ஆனால் விமானத்தில் சுமைக்கு வரம்பு உண்டு. சுங்கச் சாவடியில் புதுச்சரக்கு என்று தோன்றிவிடக் கூடாது என்ற அச்சமும் உண்டு. ஆதலால் அட்டைப்பெட்டியையும் அதனுள்ளிருந்த காகிதங்களையும் துபாயிலேயே போட்டுவிட்டு, கருவியைச் சட்டை வேட்டிகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வருவதே வழக்கமாயிற்று. உள்நாட்டில் சாமுராய், மீடியா முதலிய பெயர்களில் விற்ற கருவிகளுக்கோ, ஒரே கேசட்டில் அறுபத்து நான்கு விளையாட்டுக்கள் இருந்தனவே ஒழிய, அவற்றுள் ஒன்றுக்கேனும் கையேடு இருந்ததில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்க்கென 1969இல் சென்னையில் ஏற்பட்ட பர்மா பஜாரிலிருந்து பிற்காலத்தில் வந்த நகல் சிடிக்களும் பிளாஸ்டிக் உறையில் தனித்தே வந்தன.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. ‘கான்ட்ரா’வில் சட்டையின்றித் துப்பாக்கியோடு ஓடும் இருவரை எங்கள் தெருவில் அறியாதார் இல்லை, அவர்களுக்கு பில், லான்ஸ் என்று பெயர் உண்டென்பதையும், அவர்கள் எதன்பொருட்டு அக்காட்டுக்குள் புகுந்தார்கள் என்பதையும் அறிந்தார் இல்லை, அவை அமெரிக்கப் பதிப்பின் கையேட்டில் இருந்தன. அதற்கு ஈடாக இங்கு வாய்மொழி ஒன்று வளர்ந்தது. எந்த இடத்தில் குனிய வேண்டும், எந்தச் சுவரின்மேல் ஏறினால் குறுக்குவழி உண்டு என்பனவற்றை காக்கா என்று நாங்கள் அழைக்கும் மூத்த அண்ணன் இளையவனுக்குச் சொல்லுவார். இளையவன் பள்ளிக்கூடத்தில் அதனை விலைமதிப்புள்ள ரகசியமாகப் பகிர்ந்துகொள்ளுவான். அவ்வாய்மொழியின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் உலகத்தார் பிற்காலத்தில் இழந்ததை நாங்கள் பெறாமலேயே வளர்ந்தோம் என்பதும், என் கைக்கு வந்த சில கையேடுகளில் ஆங்கிலமும் ஜப்பானியமும் அரபியும் இருந்தன, தமிழ் இல்லை என்பதும் எனக்கு இன்றளவும் வருத்தம் தருகின்றன.

இனி, அவ்விழப்பு நேர்ந்த விதத்தைப் பார்ப்போம். கற்பிக்கும் பொறுப்பை விளையாட்டே மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது முதற்காரணம். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் முதற்கட்டத்தை, எதிரி இன்னது நன்மை இன்னது என்று ஆடுவோன் தானே உணருமாறு ஷிகேரு மியாமோட்டோ அமைத்த திறம் புகழ்பெற்றது. நினைவகம் பெருகியபின் கதையையும் திரையே சொல்லத் தலைப்பட்டது. 2003இல் கணினி விளையாட்டுக்களுக்குரிய ஸ்டீமும் 2008இல் ஐஃபோனுக்குரிய விற்பனைத் தளமும் தோன்றவே, பெட்டியே இல்லாத விளையாட்டுக்குப் பெட்டிக்குள் வைக்கும் புத்தகம் எங்ஙனம் இருக்கும்? மேலும், வெளியான பின்னரும் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும் விளையாட்டைப் பற்றி அச்சிட்டால், மை உலருமுன் அது பழையதாகிவிடும். கையேடும் இதற்குள் மெலிந்துவிட்டது. ஐரோப்பியப் பதிப்புக்களில் ஐந்து மொழிகள் நெருக்கியடித்து அமர்ந்தன, வண்ணம் போயிற்று, கதை போயிற்று, வலிப்புநோய் எச்சரிக்கையும் உத்தரவாத நிபந்தனையுமே எஞ்சின. 2010 ஏப்ரலில் யூபிசாஃப்ட் நிறுவனம், சுற்றுச்சூழலைக் காரணங்காட்டி, காகிதக் கையேட்டை விட்டுவிடப் போவதாக அறிவித்தபோது, விடப்பட்டது பெரும்பாலும் அந்த எலும்புக்கூடே. 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சின் விளையாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் வெற்றிடமே காணப்படும்.

செய்து பார்த்துக் கற்பது படித்துக் கற்பதைவிட விரைவானது என்பதை நான் மறுக்கவில்லை. பயிற்சியைப் பொறுத்தவரை புதிய முறையே மேலானது. என் கவலை வரலாற்றைப் பற்றியது. நம் கடற்கரை இளைஞர்கள் இரவெல்லாம் ஆடிய பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்டது. எங்கோ உள்ள சர்வர் நிறுத்தப்பட்டால், இத்தகைய விளையாட்டு அதன் விதியோடும் வரைபடத்தோடும் ஒருசேர மறைந்துவிடும். அடாரி காலத்து விளையாட்டொன்று அழிந்துபோனாலும், அதன் கையேடு கிடைத்தால் அது இன்ன தன்மையது என்று சொல்லிவிடலாம். இன்றைய விளையாட்டுக்கு அத்தகைய சாட்சி கிடையாது.

விளையாட்டின் விதியை எழுதிவைப்பது சிறுமையான காரியம் என்று கருதாத பேரறிஞர் ஒருவர் நம்மிடையே இருந்தார். ஞா. தேவநேயப் பாவாணர் 1954இல் தமிழ்நாட்டு விளையாட்டுக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை என்று வகுத்து, நம் பிள்ளைகளின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். தெருவில் மறைந்துவிட்ட ஆட்டமொன்றை மீண்டும் ஆட விரும்புகிறவன் அந்நூலின் துணையால் ஆடிவிடலாம். உண்மையான கையேட்டின் லட்சணம் அதுவே. தஞ்சைச் சரஸ்வதி மகாலிலும், காவியங்களுக்குப் பக்கத்தில், யானையையும் குதிரையையும் பேணும் முறை கூறும் சாஸ்திரங்கள் காக்கப்பட்டு, கஜ சாஸ்திரம், அசுவ சாஸ்திரம் எனப் பதிப்பிக்கவும் பெற்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், பிறர் கசக்கி எறியும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையுங்கூடச் சேர்த்துவைத்தமையாலன்றோ, 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகம் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்வின் களஞ்சியமாயிற்று! அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் அருங்காட்சியகம் போன்ற ஸ்தாபனங்கள் விளையாட்டுக் கையேடுகளையும் அவ்வண்ணமே பேணுகின்றன. இந்தியாவில் அச்சாகும் நூல்களைக் கன்னிமாரா முதலிய நூலகங்களுக்கு அனுப்பும்படி விதிக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டமோ, அயல்நாட்டில் அச்சான இக்கையேடுகளைத் தொடவில்லை.

காகிதம் மறைந்தபின் அதன் நினைவு விளையாட்டுக்குள்ளேயே புகுந்துகொண்டமை வியப்பானது. 2022இல் வெளியான ‘ட்யூனிக்’கில், ஒரு பழைய கையேட்டின் சிதறிய பக்கங்களைத் தேடிச் சேர்ப்பதே ஆட்டத்தின் உயிர்நாடி. நமக்கு இன்னும் அணுக்கமானது, கனடாவின் டொரான்டோ நகரத்தில் விசை கேம்ஸ் குழுவினர் ஆக்கி 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’. 1988இல் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு தாய், தன் அன்னையின் சமையற் குறிப்பேட்டோடு சென்றிருக்கிறாள். அதன் பக்கங்கள் கிழிந்தும் கறைபடிந்தும் கிடக்கின்றன. இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்யும் முறையில் விட்டுப்போன வரிகளை ஆடுவோன் அறிவால் நிரப்ப வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்ற அப்படைப்பின் மையத்தில் இருப்பது, எழுதிவைத்த ஒரு செய்முறைப் புத்தகம்.

எங்கள் ஊரிலும் சில கையேடுகள் எஞ்சியிருத்தல் கூடும். அவற்றைத் திரட்டும் பணியை, 1955இல் தோன்றிய காதிர் முகைதீன் கல்லூரியின் நூலகம் போன்றதோர் இடத்தில் தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பெயர்த்தபோது அலமாரிகளில் இருந்த காகிதம் எவ்வளவோ நனைந்து கூழாயிற்று. ஆதலால் இதில் தாமதம் தகாது. அட்டை கிழிந்தது, பக்கம் குறைந்தது என்று எதனையும் ஒதுக்கலாகாது. பல கையேடுகளின் இறுதியில் குறிப்பெழுதுவதற்கென்று வெற்றுப் பக்கங்கள் இருக்கும். அவற்றில் பென்சிலால் எழுதிய கடவுச்சொற்களையும், தமிழிலோ ஆங்கிலத்திலோ கிறுக்கிய யோசனைகளையும் அழிக்காமல் அப்படியே படமெடுக்க வேண்டும். நம்மவர் அவ்விளையாட்டை எவ்வாறு ஆடினர் என்பதற்கு அவையே எழுத்துச் சான்று. உப்புக் காற்றில் தையற்கம்பி துருவேறித் தாளை அரித்துவிடுமாதலால், எல்லாவற்றிற்கும் முன்னதாக அக்கம்பியை நீக்கி, பருத்தி நூலால் தைத்து வைத்தல் நலம்.