வெள்ளைப்படுதலும் ஆஸ்பத்திரியின் மொழியும்

அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் சுகாதாரச் சுவரொட்டியை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. வாசித்தால் என்ன என்று தோன்றியது. 'இனப்பெருக்க உறுப்புத் தொற்று', 'பாதுகாப்பான உடலுறவு' - இது பாடப்புத்தகத் தமிழ். எதிரே பெஞ்சில் காத்திருக்கும் பெண்ணுக்கோ 'வெள்ளப்படுது', 'அடிவயிறு இழுத்துப் புடிக்குது', 'அந்த எடத்துல அரிப்பு'. டாக்டரிடம் போனால் இதுவே 'ஒயிட் டிஸ்சார்ஜ்' ஆகிவிடுகிறது. மூன்று மொழிகள், அவளுடையதற்கு மட்டும் ஓ.பி. சீட்டில் இடமில்லை.

நவீன மருத்துவம் பிறக்கையில் நோயாளியின் கதை பின்னுக்குப் போய் உடலில் நோயின் இடம் முன்னுக்கு வந்ததை ஃபூக்கோ 1963இல் எழுதினார். நம்மூர்ப் பெண் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். அந்த இடத்தைச் சொல்லும் சொல்லே அவளிடம் விட்டுவைக்கப்படவில்லை. இருக்கிற சொல் ஆண்களின் கெட்ட வார்த்தை. கிடைக்கிற சொல் சமஸ்கிருதம் அல்லது இங்கிலீஷ்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங்கும் அவர் குழுவினரும் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மகளிர்நோய் அல்லது பால்வினை நோய். அதற்குமுன் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் வெறும் 8 சதவீதம். அரசு அந்தக் கருப்பைகளை அறியாமலா இருந்தது? 1996 வரை குடும்பக்கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்து அவற்றை எண்ணிக்கொண்டுதானே இருந்தது! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும், கருத்தடை ஆபரேஷனை நம்பியிருப்பது பெண்கள் பக்கம் 37.9 சதவீதம், ஆண்கள் பக்கம் 0.3. அரசுக்குக் கருப்பை தெரியும். அதன் நோவு தெரியாது.

இப்போது பால்வினை நோய்களுக்கு அறிகுறியை வைத்தே மருந்து தருகிறார்கள். நிறநிறமாகப் பொட்டலங்கள். லேப் இல்லாத ஊருக்கு இது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. கருப்பைவாய் அழற்சி என்றால் சாம்பல் நிறக் கிட். புருஷனும் சாப்பிட வேண்டும். 'வீட்டுக்காரரயும் கூட்டிட்டு வாம்மா' என்று சொல்லியனுப்புகிறார்கள். மருத்துவ ரீதியில் சரியான வாக்கியம். ஆனால் அதை வீட்டில் போய்ச் சொல்பவள் அடி வாங்கலாம், 'எவன்கிட்ட வாங்கிட்டு வந்த' என்ற கேள்வியைச் சந்திக்கலாம். ஆபத்தை அவள் தலையில் இறக்கிவிட்டுத் 'தகவல் கொடுத்தாயிற்று' என்று பதிவேட்டில் எழுதுவதற்குப் பெயர் சேவையா?

தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்சுகள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பார்த்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த இந்த ஆய்வில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததென்று 2007இல் வெளியானது. அதன்பிறகும், மேற்சொன்ன 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டின் 30-49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதமே.

உடனே நம் தோழர்கள் 'விழிப்புணர்வு போதாது' என்பார்கள். இந்தச் சொல்லையே நான் சந்தேகிக்கிறேன். பெண்கள் தூங்கிக்கொண்டிருப்பதாக அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. உண்மையில் திரைச்சீலைகூட இல்லாத அறையில், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, அவள் என்னத்தைச் சொல்ல முடியும்? கதவுள்ள ஓர் அறை, அவசரப்படாத ஒரு நர்ஸ், பத்து நிமிஷம். நாம் கேட்க வேண்டியது இவற்றைத்தான்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது அந்த ஒரு சொல்லுக்காக இலக்கிய உலகமே அமளிப்பட்டது. கவிதையில் அந்தச் சண்டையைப் பெண்கள் போட்டாயிற்று. ஓ.பி. சீட்டில், சுவரொட்டியில், கிராம நர்சின் கையேட்டில் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை. பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் கூசாமல் சொல்லக்கூடிய சொற்களைக் கேட்டு எழுதி, அந்தக் கையேட்டை நாம் தயாரித்தால் என்ன?