கிரீன்ஃபுட்: ரைட் கிளிக்கில் ஒரு ஜாவா பாடம்

கிளாஸ் என்பது அச்சு, ஆப்ஜெக்ட் என்பது அதில் பிழிந்த முறுக்கு. இந்த விளக்கம் பரீட்சைக்குப் போதும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று கை ஓடாது. அந்தத் திணறலுக்கு நான் கண்டவற்றில் நல்ல மருந்து கிரீன்ஃபுட். பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோலிங் குழுவினர் உருவாக்கி, 2006இல் வெளிவந்த இலவச மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸில் ஓடும், மொபைலில் ஓடாது.

நண்டு உதாரணத்தைத் திறந்தால் நடுவில் ஒரு களம், வலப்பக்கம் கிளாஸ்களின் படம். ‘ஆக்டர்’ கிளாஸின் கீழே ‘கிராப்’ என்று ஒரு நண்டு. அதை ரைட் கிளிக் செய்து ‘நியூ கிராப்’ கொடுத்தால் மவுஸ் முனையில் நண்டு ஒட்டிக்கொண்டு வரும். களத்தில் கிளிக் செய்தால் இறங்கிவிடும். இன்னும் நாலைந்து இறக்குங்கள். இப்போது ஒரு நண்டை மட்டும் ரைட் கிளிக் செய்து ‘டர்ன்’ மெத்தடுக்கு 90 கொடுத்தால், அது ஒன்றுதான் திரும்பும். அந்த ‘டர்ன்’ இருப்பது ‘ஆக்டரிடமிருந்து வந்தவை’ என்ற தனி மெனுவுக்குள். இன்ஹெரிட்டன்ஸ் என்றால் என்ன என்று அந்த மெனுவே சொல்லிவிடுகிறது. ‘இன்ஸ்பெக்ட்’ கொடுத்தால் எக்ஸ், ஒய், திசை எல்லாம் அந்தந்த நண்டுக்குத் தனித்தனி எண்களாகத் தெரியும். இதுவரை ஒரு வரி கோடுகூட எழுதவில்லை.

பிறகு ‘ஆக்ட்’ மெத்தடுக்குள் ‘மூவ்’ என்று ஒரே வரி. ‘ரன்’ அழுத்தினால் எல்லா நண்டும் நடக்கும். ஸ்கிராட்ச் மொழியில் ஒரு ஸ்பிரைட்டை (உருவத்தை) நகலெடுத்தால் கோடும் கூடவே நகலாகும். பிழையைத் திருத்த ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இங்கே கிளாஸில் ஒரு இடத்தில் திருத்தினால் போதும்.

கோடை மாற்றியதும் கையால் வைத்த நண்டுகள் மறைந்துவிடுவது எரிச்சல்தான். முன்கூட்டியே ‘சேவ் த வேர்ல்டு’ கொடுத்திருந்தால், நண்டுகளை வைத்த இடங்களை அதுவே ஜாவா வரிகளாக எழுதித் தரும். அந்த வரிகளை உட்கார்ந்து படிப்பது நல்ல பயிற்சி.

பிழைச்செய்திகளில் மட்டும் கருணை கிடையாது. சிங்கி இறால் தொட்டதும் நண்டு களத்தைவிட்டு நீங்கும்படி எழுதி, அடுத்த வரியிலேயே ‘ஓரத்தில் இருக்கிறாயா’ என்று அதனிடம் கேட்டால், டெர்மினல் ஜன்னல் திறந்து சிவப்பில் கொட்டும். ஆக்டர் களத்தில் இல்லை என்ற விஷயம் முதல் வரியிலேயே இருக்கும். புதியவர் கண் அதற்குக் கீழேயுள்ள குப்பையில்தான் போய் விழும்.

2015இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஸ்ட்ரைடு என்ற மொழியும் உண்டு. கட்டங்களை அடுக்கியே எழுதலாம். ஜாவாதான் இலக்கு என்றால் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

பெரிய குறை வேறு. ‘ஆக்ட்’டைத் திரும்பத் திரும்ப அழைப்பது யார் என்பதை கிரீன்ஃபுட் மறைத்துவிடுகிறது. ‘மெயின்’ என்ற மெத்தடை இங்கே பார்க்கவே மாட்டீர்கள். நண்டு விளையாட்டு சலித்ததும் இதே குழுவின் ப்ளூஜேவுக்கு மாறுங்கள். அங்கே களம் கிடையாது. கிளாஸ் படமும் ரைட் கிளிக்கும் அப்படியே இருக்கும், ‘மெயின்’ வேண்டுமென்றால் அதை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.