குளோப்டிராட்டர்ஸ்: காட்சி ஆட்டத்தின் வரவும் செலவும்

ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணிக்கும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கும் தொடக்கத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிகாகோவின் தென்பகுதியில், சவாய் நடன அரங்கின் பெயரில் ஆடிய கறுப்பின இளைஞர்களின் அணியிலிருந்து 1920களின் பிற்பகுதியில் இது கிளைத்தது. லண்டனில் பிறந்த யூதரான ஏப் சேப்பர்ஸ்டீன் மேலாளரானார். கறுப்பர் அணி என்பது சுவரொட்டியைப் பார்த்ததுமே தெரியட்டும் என்று ஹார்லெம் பெயரைச் சேர்த்தவர் அவர்தான். ஹார்லெமில் அணி முதன்முதலாக ஆடியது 1968இல். முதல் ஆட்டம் 1927 ஜனவரி 7 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஹிங்க்லி ஊரில் நடந்தது என்று அணி சொல்லிவருகிறது. சவாய் அரங்கம் திறக்கப்பட்டதே அந்த ஆண்டின் நவம்பரில்தான் என்பதால் இந்தத் தேதி நிற்பதில்லை. விளம்பரமும் வரலாறும் பின்னிக் கிடக்கும் அணி. அது சொல்லும் கணக்குகளைச் சற்றுக் கழித்தே படிக்க வேண்டும்.

ஒரே காரில் நெருக்கியடித்து ஊர் ஊராகப் போய், உள்ளூர் அணிகளோடு ஆடி, வசூலில் பங்கு பெறுவதே முதலில் பிழைப்பு. ஓயாமல் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தால் அடுத்த ஆண்டு அந்த ஊர் கூப்பிடாது. ஆகவே முன்னிலை பெற்றதும் வேடிக்கை காட்டத் தொடங்கினார்கள். கைவசம் இருந்த ஐந்தாறு பேருக்கு மூச்சு வாங்கிக்கொள்ளவும் அது உதவியது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டைவிட பபூனுக்குக் கூட்டம் சேர்வதுபோல, 1940களில் கூஸ் டேட்டம் என்ற கோமாளி ஆட்டக்காரரைப் பார்க்கவே ஜனங்கள் வந்தார்கள். அவருடன் ஆடிய மார்க்கஸ் ஹேய்ன்ஸ் முழங்காலிட்டும் படுத்தும் பந்தைத் தட்டிக்கொண்டே போவார். எதிரணியினர் துரத்திக் களைத்துப் போவார்கள். பிற்காலத்தில் நிலைத்த வாளி வேடிக்கையில் முதல் வாளியில் நிஜத் தண்ணீர். பார்வையாளர் மீது வீசும் இரண்டாவது வாளியில் காகிதத் துண்டுகள்.

இத்தனை வேடிக்கைக்கும் அடியில் திறமை இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1940இல் உலகத் தொழில்முறைப் போட்டியின் இறுதியாட்டத்தில் சிகாகோ புரூயின்ஸ் அணியை 31-29 என்று வென்றார்கள். 1948 பிப்ரவரியில், அந்நாளின் நட்சத்திர வீரர் ஜார்ஜ் மைக்கன் ஆடிய வெள்ளையர் அணியான மினியாபொலிஸ் லேக்கர்ஸை எதிர்கொண்டார்கள். கடைசி நொடியில் எர்மர் ராபின்சன் எறிந்த பந்தில் 61-59 என்று வெற்றி கிடைத்தது. கறுப்பர்களுக்கு மூளையால் ஆடத் தெரியாது என்ற பேச்சுக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. 1950இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. கறுப்பின வீரர்களுக்குக் கதவைத் திறந்தபோது, இந்த அணியின் நேட் கிளிஃப்டன் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். மறு ஆண்டு குளோப்டிராட்டர்ஸ் ஆட்டத்தைப் பார்க்கப் பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் 75,000 பேர் கூடினார்கள்.

குறைகளும் இந்த வேடிக்கையிலிருந்துதான் முளைத்தன. கதவு திறந்த பிறகு சிறந்த வீரர்கள் என்.பி.ஏ. பக்கம் சாய, அணியிடம் மிஞ்சியது வேடிக்கைதான். இனப் பாகுபாடு கொழுந்துவிட்டெரிந்த காலத்தில் வெள்ளைக்காரக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் கறுப்புக் கோமாளி என்ற உருவத்தை அது வளர்த்தது என்ற குற்றச்சாட்டு சிவில் உரிமைப் போராட்டக் காலத்தில் வலுத்தது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சில ஊர்களில் கைதட்டு வாங்கிய வீரர்களுக்கு அதே ஊரில் படுக்க விடுதி கிடைக்காது. சம்பளமும் ஒப்பந்தமும் முதலாளி ஒருவர் கையில் இருந்தன.

அதைவிடப் பெரிய குறை எதிரணி. 1952இல் ரெட் கிளாட்ஸ் உருவாக்கிய வாஷிங்டன் ஜெனரல்ஸ், கூடவே பயணம் செய்து தோற்பதற்கென்றே இருந்த அணி. 1971 ஜனவரி 5 அன்று, டென்னசி மாநிலத்தின் மார்ட்டின் ஊரில் நியூ ஜெர்சி ரெட்ஸ் என்ற பெயரில் ஆடிய அதே அணி, குளோப்டிராட்டர்ஸ் வேடிக்கையில் ஸ்கோரை மறந்திருந்த நேரத்தில் முன்னேறிவிட்டது. கடைசி நொடிகளில் 50 வயது கிளாட்ஸே பந்தைக் கூடையில் போட, 100-99 என்று முடிந்தது. அரங்கம் வாயடைத்தது, குழந்தைகள் அழுதார்கள். முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் எந்த அளவு பழகிவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சென்னையில் கூடைப்பந்து வளர்ந்த வழி வேறு. ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் வழியே ஆட்டம் பள்ளிகளுக்குப் போனது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது, பின்னாளில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கல்லூரிகள் பெருகின. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அப்புறம் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை என்பது இங்குள்ள வீரரின் கனவு. டிக்கெட் வசூலை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை, எதிரணியும் நிஜமானது. ஆனால் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டத்தைப் பார்க்க, ஆடுபவர்களின் நண்பர்களைத் தாண்டி ஆள் வருவது அபூர்வம்.

கூட்டத்தை வரவழைக்கும் வித்தையை மட்டும் குளோப்டிராட்டர்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் இசையோடு பந்து வித்தை காட்டினால் தாம்பரத்துப் பிள்ளைகள் கண்டிப்பாகக் கூடுவார்கள். விசில் ஊதிய பிறகு ஸ்கோரில் யாரும் கை வைக்கக் கூடாது.