வேலிக்குள்ளே ஒரு வைத்தியம்

2017இல் 'நேச்சர் ஜெனிட்டிக்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையை, தமிழ் எம்.ஏ. படித்த நான் ஒரு பிரதியாகவே வாசித்தேன். தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்கள், 2,800க்கு மேற்பட்ட மனிதர்கள். ஒரே குழுவின் இரண்டு பேரிடம், ஒரே மூதாதை வழி வந்த நீளமான மரபணுத் துண்டுகள் எவ்வளவு இருக்குன்னு கூட்டிப் பார்க்கிறார்கள். நிறைய இருந்தால், கொஞ்சம் பேரிலிருந்து பெருகி, வெளியே பெண் கொடுக்காமல் எடுக்காமல் கிடந்த கூட்டம் அது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுது பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு அங்கே அதிகம். இப்படி 81 குழுக்கள். அதில் 14 குழுக்கள் பத்து லட்சத்தைத் தாண்டியவை. வைசியர்களில் சிலருக்கு, ஆபரேஷனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தே ஆபத்து.

கணக்கில் எனக்குச் சண்டையில்லை. சொல்லில்தான். 'நிறுவனர் நிகழ்வு' என்கிறார்கள். நிகழ்வாம்! ஏதோ வெள்ளம் வந்து வடிஞ்ச மாதிரி. சாதியின் சாரமே அகமணம் என்று அம்பேத்கர் 1916லேயே கொலம்பியாவில் வாசித்துவிட்டார். வேலி போட்டவன் யார், தாண்டினவனை என்ன செய்தான் என்பதற்கு இந்தப் புள்ளியியலில் கட்டமே கிடையாது.

பரிகாரமாக, அஷ்கெனாசி யூதர்கள் செய்வதுபோல் கல்யாணத்துக்கு முன்னால் பரிசோதனை. பிள்ளைகள் பிழைக்கும், மறுக்கவில்லை. ஆனா நம்ம ஊரில் அது ஜாதகத்தோடு சேரும் இன்னொரு காகிதம். வேறு சாதியில் கட்டினால் அந்த ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வருவது அரிது. அவர்கள் கணக்கே அதைத்தான் காட்டுது. அப்படிக் கட்டிக்கொண்ட சங்கரை, கட்டுரை வருவதற்கு முந்தின வருஷம், 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டினார்கள்.